கை படாத தொட்டி

வல்லிநாயகம் ஒரு வேலையில் நிலைத்து நிற்பார் என்று யாராவது சொன்னால் தென்காசிச் சொந்தக்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஜவுளிக்கடையில் துணி கிழித்தார், பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தார், பாவூர்சத்திரம் காய்கறி மண்டியில் எடை போட்டார். எங்கேயும் சண்டை போட்டு விலகியதில்லை. ஒருநாள் சாப்பிட உட்காரும்போது, "ஏட்டி, அந்த வேலையை விட்டுட்டேன்" என்பார். அவ்வளவுதான். அவர் மனைவி பேராச்சி பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவாள். அவள் வைத்த முருங்கை எந்த வீட்டிலும் அவளுக்குக் காய்த்ததில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக வந்தார். பின்கட்டில் இரண்டு அறை, கதவைத் திறந்தால் மலை. பேராச்சிக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. இனி இங்கிருந்து நகரக்கூடாது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

வினை கண்ணாடித் தொட்டியில் வந்தது. மதுரையிலிருந்த முதலாளி, சீசனுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பெரிய மீன்தொட்டி ஒன்றை லாரியில் அனுப்பி ஹாலில் வைக்கச் சொன்னார். அடியில் மணல், மணலில் ஊன்றிய வேலம்பாசி என்கிற நீர்ச்செடி, அதற்குள் சிவப்பு மீன்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வல்லிநாயகத்தின் கை சும்மா இருக்குமா? போகும்போது ஒரு பிடி பொரிகடலை மாவு போட்டார், வரும்போது ஒரு பிடி போட்டார். வெயில் பட்டால் மீன் பளபளக்கும் என்று தொட்டியை ஜன்னலோரம் தள்ளினார். சீக்கிரமே கண்ணாடியில் பச்சை வழுவழுப்பு படர்ந்தது. தேங்காய் நாரால் தேய்த்தார். தேய்த்த இடத்தில் மறுபடி படர்ந்தது.

முதலாளி ட்ரங்க் காலில் பேசியபோது, தொட்டியில் பாசி பிடித்திருப்பதை வல்லிநாயகம் சொன்னார்.

"பாசியா? ஒண்ணு விடாம எடுத்துடுங்க. சாரல் ஆரம்பிச்சதும் பெரிய மனுஷங்களைக் கூட்டிக்கிட்டு வர்றேன். மானத்தை வாங்கிடாதீங்க" என்று முதலாளி போனை வைத்துவிட்டார்.

முதலாளிக்குப் பாசி என்றால் கண்ணாடியில் படிந்த வழுக்கல். மணலில் நின்றது அவருக்குச் செடி. வல்லிநாயகத்துக்கோ வேலம்பாசியும் பாசிதானே! சட்டையைக் கழற்றிவிட்டு அத்தனையையும் வேரோடு பிடுங்கிக் கொல்லையில் எறிந்தார். அதன்பிறகு தண்ணீரே பச்சையாகிவிட்டது. மீன் இருக்கிறதா செத்ததா என்றே தெரியவில்லை.

"இது சரிப்படாது பேராச்சி. செங்கோட்டை மரக்கடையில ஆள் தேடுதாங்களாம்" என்றார்.

பேராச்சிக்குப் பகீரென்றது. இந்தப் பேச்சு வந்தால் அடுத்தது சாக்குதான்.

"எதையாவது நோண்டிக்கிட்டே இருந்தா எப்படித் தெளியும்? வேலம்பாசி கெடக்குத குளத்துல தண்ணி கண்ணாடியாட்டம்லா கெடக்கும். அதைப் போய்ப் பிடுங்கிட்டீங்களே!" என்று சத்தம் போட்டாள். அவள் சத்தம் போட்டு அவர் கேட்டதே இல்லை.

அவளே குளத்துக்குப் போய் ஒரு பெட்டி நிறைய வேலம்பாசி கொண்டுவந்து நெருக்கமாக ஊன்றினாள். ஆட்களைக் கூப்பிட்டுத் தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தினாள். மாவு டப்பாவை அடுக்களையில் ஒளித்துவைத்தாள். "இனி இதுல கை வச்சுப் பாருங்க!" என்றாள்.

கை வைக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் அந்த நாட்களை ஓட்ட அவர் பட்ட பாடு இருக்கிறதே! ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அருவிக்குப் போய்க் குளிக்காமலே திரும்பினார். எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி யோசனை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். தொட்டிப் பக்கம் வந்தால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பேராச்சிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவளுக்கு மட்டும் இருப்புக்கொள்கிறதா என்ன? விடிந்ததும் தொட்டியைத்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். பச்சை மெள்ள மெள்ள வெளுத்தது. ஒருநாள் தொட்டிக்கு அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

சாரலோடு முதலாளி வந்தார். தொட்டியைப் பார்த்து அசந்துபோய், "எப்படிய்யா?" என்றார்.

"கை வைக்காம இருந்தேன் முதலாளி."

"இப்படி நிதானமான ஆள்தான் எனக்கு வேணும். கொடைக்கானல்ல புது லாட்ஜ் திறக்கிறேன். நீங்கதான் அங்க மேனேஜர்."

நிதானமான ஆளாம்! கதவோரம் நின்ற பேராச்சிக்குச் சிரிக்கக்கூட முடியவில்லை. கொடைக்கானல் என்றதும் வல்லிநாயகத்தின் முகம் மலர்ந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்றார் வல்லிநாயகம்.

பேராச்சி தன் காதையே நம்பவில்லை. அவர் பின்கட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீ என்னட்டி சொல்லுத?"

"எனக்கு இங்கனயே இருக்கணும்னு இருக்கு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"சரி, இருப்போம்" என்றார்.

பக்கத்து ஜன்னல் வழியே ரோட்டில் போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பேராச்சி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் சொன்னதை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.