மல்லிகைப்பூ வைத்தியம்

பிள்ளைகளே, உங்கள் அம்மா எப்படிச் செத்தாள் என்று ஊரார் சொல்வதைக் கேட்காதீர்கள். நான் சொல்வதைக் கேளுங்கள்.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினோம். அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, மருந்து கொடுக்கும் டிரெசர் ஒருவர்தான். ஆம்பிளையிடம் காட்ட அவளுக்குக் கூச்சம். சேலைக்கு மேலேயே கையை வைத்துக் காட்டினாள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"பால் கட்டும்மா. மல்லிகைப்பூவ வச்சுக் கட்டு, வத்திரும்."

"ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு குடுங்கய்யா" என்று அவள் கேட்டாள்.

"இதுக்கெல்லாம் சீட்டு குடுத்தா அப்புறம் மரத்த யாரு வெட்டுறது?"

சீட்டு இல்லாமல் போனால் பேர் விழாது, கூலி கிடைக்காது; தொடர்ந்து போனால் தோட்ட வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள். அவள் பூவை வைத்துக் கட்டினாள். வலி தாங்காமல் வேலையை விட்டுவிட்டு ஈப்போவுக்குப் போனபோது, முற்றிவிட்டது என்றார்கள். அந்தத் தீபாவளியை அவள் பார்க்கவில்லை.

பால்வெட்டுக் கத்தியைத் தீட்டும்போதெல்லாம் அந்த டிரெசருடைய கழுத்துதான் என் நினைவுக்கு வரும். நான் ஜெயிலுக்குப் போனால் உங்களுக்குச் சோறு போட ஆளில்லை. அதனால்தான் பொறுத்துக்கொண்டேன். மன்னித்ததாக நினைக்க வேண்டாம்.

சில வருஷம் கழித்து அவருக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. தொழிலாளர் சங்கத் தலைவன் என்பதால் மாலை போட என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் மாலை வாங்கவில்லை. பழைய பேப்பரில் உதிரி மல்லிகைப்பூவை மடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் கொட்டினேன்.

"என் சம்சாரத்துக்கு நீங்க சொன்ன மருந்து, ஐயா. வீட்டுக்குக் கொண்டு போங்க."

மைக் பக்கத்திலேயே இருந்தது. "பால் கட்டுன்னுதான்பா நெனச்சேன்" என்று அவர் முனகியது எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப என் கடைசிப் பிள்ள ரெண்டாம் வகுப்பு. அது வந்து பால் குடிக்குமா?"

பின்னால் பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாருமே சிரிக்கவில்லை. அவர் பரிசுக் கடிகாரத்தைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார். மேடையிலேயே நின்று அவர் போவதைக் கடைசிவரை பார்த்தேன்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில், பக்கத்து வீட்டு அக்கா எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் சொன்னார்:

"இன்னிக்கு எங்களுக்குப் பேரு வேணாம். ஈப்போவுக்குப் போறோம், நெஞ்ச காட்ட. அங்க பொம்பள டாக்டர் இருக்காங்களாம்."

"எல்லாருக்குமா கட்டி வந்திருக்கு?"

"இருக்கா இல்லியான்னு பாக்கத்தான்லா போறோம்."

பெண்கள் ஒரு பஸ் நிறையப் போனார்கள். அந்த அக்காவுக்கே சின்னதாக ஒரு கட்டி இருந்தது, அவருக்கே தெரியாமல். உடனே அறுத்து எடுத்தார்கள். கொஞ்ச நாளில் மரம் வெட்டத் திரும்பி வந்துவிட்டார். என் மகள்களே, வலி வரட்டும் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள்.

டிரெசர் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயில் வீடு வாங்கிக் குடியேறினார். ஒருநாள் அந்த அக்கா அவரை அங்கே சந்தையில் பார்த்தாராம். திரும்பி வந்ததும் என்னைத் தேடி வந்தார்.

"'எப்படிம்மா இருக்கே?'ன்னு கேட்டாரு தம்பி. 'உங்ககிட்ட காட்டல, அதான் உயிரோட இருக்கேன்'னு சொல்லிட்டு வந்தேன்."

"என்ன சொன்னாரு?"

"மீன வாங்காமலே போயிட்டாரு."

அன்று ராத்திரி நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.