"உக்காருங்க டாக்டரு!"

இன்று காலை என் கடைசிப் பல்லும் போய்விட்டது!

(துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தயவுசெய்து முறுக்கு வாங்கி வர வேண்டாம்.)

வயது தொண்ணூற்றொன்பது. தொழில்: பல் டாக்டர், ஓய்வு. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

செம்மேட்டில் புதிதாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாதான் பிடுங்கினார். வாய் நிறையப் பஞ்சை வைத்து அடைத்துவிட்டு, அப்புறம் கேட்டார்:

"ஏனுங்க சார், அந்தக் காலத்துல நீங்க எதுக்குங்க டென்டல் எடுத்தீங்க?"

(வாயை அடைத்துவிட்டுக் கேள்வி கேட்பது எங்கள் தொழில் வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன்.)

பேச முடியாததால் இங்கே போனில் ஒற்றை விரலால் தட்டி எழுதுகிறேன்.

பதில்: கௌரவம்! இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு நாற்காலி!

வெள்ளைக்காரன் காலம். மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் ஊர். ஊருக்கே ஒரே ஒரு நாற்காலி. ஊர்க்கவுண்டர் வீட்டு விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கும். காட்டிலாகா ரேஞ்சர் மலையேறி வந்தால் மட்டும் கீழே இறங்கும். கவுண்டர் துண்டால் தூசி தட்டி, "உக்காருங்க எசமான்" என்பார். கவுண்டர் உட்பட நாங்கள் எல்லோரும் தரையில்.

ஒரு தடவை காய்ச்சல் பார்க்க டவுன் டாக்டர் வந்தார். அவருக்கும் நாற்காலி இறங்கியது!

அன்றே முடிவு செய்துவிட்டேன்.

சேலத்தில் இன்டர்மீடியட் முடித்தேன். மெடிக்கலுக்கு மார்க் எட்டவில்லை. பம்பாயில் பல்லுக்கென்றே ஒரு காலேஜ் இருப்பதாக வாத்தியார் ஒருவர் சொன்னார். நான் கேட்டது ஒரே கேள்வி.

"பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாங்களா?"

போட்டுக்கொள்ளலாமாம். போதும்! (மனிதனுக்கு எத்தனை பல் என்று கேட்டிருந்தால், நாக்கால் தடவி எண்ணித்தான் சொல்லியிருப்பேன்.)

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தாய்? "துன்புறும் மக்களுக்குச் சேவை செய்ய" என்று ஆங்கிலத்தில் எழுதி, அக்காவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"யாருடா அது சேவை பண்றது? நீயா? ஊட்டுக்கு ஒரு கொடம் தண்ணி கொண்டாந்ததில்ல!"

வேறு வழியில்லாமல் நாற்காலி விஷயத்தைச் சொன்னேன்.

"அடக் கண்ணு, ஒரு சேருக்காகவா அத்தினி தொலவு போறே? ஆசாரிகிட்டச் சொன்னா ஒண்ணு செஞ்சு குடுத்துட்டுப் போறான்!"

"அது நாமளா உக்கார்றது அக்கா. எனக்கு மத்தவீங்க உக்காருங்கன்னு சொல்லோணும்."

அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

பம்பாயில் இன்டர்வியூ. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நான் நின்றிருந்தேன். ஏன் இந்தப் படிப்பு என்றார்கள். சேவை வாக்கியத்தை ஆரம்பித்தேன். பாதியில் மறந்துவிட்டது! அக்காவின் சிரிப்புதான் காதில் கேட்டது. உண்மையைத் தவிர வேறு இங்கிலீஷ் கைவசம் இல்லை.

"சார், எங்கள் ஊரில் ஒரே ஒரு நாற்காலி இருக்கிறது..."

முழுக்கச் சொன்னேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இந்தத் தொழிலில் நாற்காலி இல்லாத நாளே உனக்கு இருக்காது."

சீட் கிடைத்தது! (சீட்! அதுவும் உட்காருகிற சமாச்சாரம்தான், கவனியுங்கள்.)

அவர் சொன்னதன் அர்த்தம் பிற்பாடுதான் புரிந்தது. நாற்காலி இருந்தது. ஆனால் அதில் நோயாளி உட்கார்ந்திருந்தார். டாக்டர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்!

போகட்டும், ஊரில் உட்கார்ந்துகொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடித்தேன்.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பெட்டியோடு நடந்தே மலையேறினேன். ஊரே கூடியிருந்தது. விட்டத்திலிருந்து நாற்காலி இறங்கியிருந்தது! கவுண்டர் துண்டால் தட்டினார்.

"உக்காருங்க டாக்டரு!"

காதில் தேன்! வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பாதி குனிந்தும்விட்டேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள். கன்னம் வீங்கி, கண் சிவந்து.

"முடியல சாமி. நாலு நாளாச்சு கஞ்சி குடிச்சு."

பார்த்தேன். கடைவாய்ப் பல், உடனே எடுத்தாக வேண்டும். தலையைச் சாய்க்க முதுகுள்ள இருக்கை வேண்டும். ஊரில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் கழித்து வந்திருக்கக் கூடாதா?

"கவுண்டரே, இவதானுங்க உக்காரோணும்."

ரேஞ்சர் நாற்காலியில் எங்கள் ஊர் ஆள் யாரும் உட்கார்ந்ததே இல்லை. கவுண்டர் நாற்காலியைப் பார்த்தார், அக்காவின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு அவரே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காராத்தா."

ஊசி போட்டுப் பல்லை எடுத்தேன். அக்கா பாதி வாயால் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. (கௌரவம் கருதி, தூசி விழுந்தது என்று சொல்லிவிட்டேன்.)

அப்புறம் வரிசை நின்றது பாருங்கள்! பத்தில் எட்டுப் பேருக்குப் பல் வலியே இல்லை.

"வலியெல்லாம் இல்லீங்க. சும்மா உக்காந்து பாக்கலாம்னு..."

அந்த நாற்காலி அதற்குப் பிறகு விட்டத்துக்குத் திரும்பவே இல்லை. நானும் அதில் உட்காரவே இல்லை!

என் பற்கள்? ஒரு பல் டாக்டர் இன்னொரு பல் டாக்டரிடம் போய் வாயைத் திறப்பதா என்று கௌரவம் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் தானே ஆடித் தானே விழுந்தன. கடைசிப் பல் மட்டும் பிடிவாதம் பிடித்து, இன்று என்னை கிளினிக்குக்குள் தள்ளிவிட்டது.

எதுக்கு டென்டல் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "உக்காருங்க சார்" என்று அவர் உட்கார வைத்திருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினேன்.

அவருக்குப் புரியவில்லை.

"ஏனுங்க சார், ஒசரமா இருக்குதுங்களா? எறக்கட்டுங்களா?"

பதறிப்போய், வேண்டாமென்று தலையாட்டினேன். வாயில் பஞ்சோடு விரலை மேலே காட்டினேன்.

இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா!