உள்ளே இருப்பவருக்கு ஒரு குரல்

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஜெபிச்சுட்டு" என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று கேட்டாலும் சரி, புது வேனை ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டாலும் சரி, மனிதர் வாயிலிருந்து முதலில் உதிர்வது ஒன்றுதான்: "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்."

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடுவார். கூட வரும் வயரிங்காரர் சும்மா இருக்கமாட்டார்.

"என்னண்ணே, போனது ஃப்யூஸா மோட்டாரான்னு மேல கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன். உன்ன மாதிரி எடுபிடிய வச்சுக்கிட்டு எப்படி வேலை பாக்குறேன்னு அவருக்கே ஆச்சரியமா இருக்காம்."

கேலியெல்லாம் அதோடு சரி. அவருடைய ஜெபத்தை யாரும் சந்தேகித்ததில்லை. மனதில் ஒரு சமாதானம் வரவேண்டும், வந்தால் செய்யலாம், வராவிட்டால் பொறுக்கவேண்டும். அதுதான் அவர் அறிந்த வழி. வீடு மாறியதும் மகளுக்குப் பள்ளி பார்த்ததும் அப்படித்தான். சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் போதகரே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் அளவுக்கு அவரிடம் அனுபவங்கள் இருந்தன.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவர் ஜெபத்துக்காக நின்றதில்லை. லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் மோட்டார் அறைக்குப் போகுமுன் நேராக அந்தக் கதவுக்குப் போவார். தட்டுவார். "நான் வந்துட்டேன், பயப்படாதீங்க" என்பார். பழுது என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது. ஆனாலும் உள்ளே இருப்பவருக்கு முதலில் ஒரு குரல் போகவேண்டும் என்பதில் கறாராக இருப்பார்.

தம்பி ஃபோன் செய்தபோது அவர் ஒரு மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு நின்றிருந்தார். தம்பி வேறு ஊரில் பேக்கரியில் மாவு பிசைகிறவன். குடித்துச் சீரழிந்து, பிறகு எப்படியோ நிறுத்தியவன். குடித்த காலத்தில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்து, ஓர் இரவு ஹால் கண்ணாடிக் கதவின் மேல் விழுந்து நொறுக்கியிருந்தான். மகள் அன்று பயந்து கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். அதன்பின் அவன் வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை.

"அண்ணே, அங்க வந்து கொஞ்ச நாள் உங்களோட இருக்கட்டுமா? குடியத் தொட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா தனியா இருந்தா கை அந்தப் பக்கமே போகுதுண்ணே."

கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்டா."

தம்பி சிரித்தான். "ஜெபிங்க, ஜெபிங்க. உங்களுக்குத்தான் அங்க நேரா லைன் இருக்கே."

அன்றிரவே ஜெபித்தார். மறுநாளும், அதற்கடுத்த வாரமும் ஜெபித்தார். சமாதானம் வரவில்லை. முழங்காலில் நிற்கும்போதெல்லாம் நொறுங்கிய கண்ணாடிதான் கண்ணுக்குள் வந்தது. ஆண்டவர் பொறு என்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

"அவர வரச் சொல்லுங்களேன். எனக்கு ஒண்ணுமில்ல, பாப்பாவும் வளந்துட்டா" என்றாள் மனைவி.

"ஆண்டவர் இன்னும் பேசலம்மா."

"அவர் பேசலையா, நீங்க கேக்கலையா?"

அவளிடம் அன்று அவர் கோபித்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த ஊரிலிருந்து ஃபோன் வந்தது. தம்பி தங்கியிருந்த வீட்டுக்காரம்மா பேசினார். வேலைக்கு வரவில்லையே என்று பேக்கரிக்காரர்கள் தேடி வந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டிருந்தது.

உடனே கிளம்பிப் போனார். தம்பியின் அறையில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, மாவு படிந்த செருப்பு. கதவோரம் ஒரு பை, ஜிப் போட்டுத் தயாராக.

"குடிச்சானாம்மா?" வீட்டுக்காரம்மாவிடம் அதைத்தான் அவரால் கேட்க முடிந்தது.

"சேச்சே, தொடலங்க. அந்தப் பைய எப்பவோ கட்டி வச்சுட்டார். எங்க அண்ணன் ஜெபிச்சுட்டிருக்கார், பதில் வந்ததும் கூப்பிடுவார்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்வார். அண்ணனுக்குச் சீக்கிரம் பதில் குடுங்கன்னு இவரும் ராத்திரி சத்தமாவே ஜெபிப்பார். எங்களுக்குச் சிரிப்பா இருக்கும்."

பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கனமே இல்லை. அதுதான் அவரை உடைத்தது.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியபின் அவர் மோட்டார் அறையில் கண்ணை மூடுவதில்லை. மூடினால் பைதான் தெரிந்தது. வயரிங்காரரும் கேலியை விட்டுவிட்டார்.

ஒரு குடியிருப்பில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனது. வழக்கம்போல் நேராகக் கதவுக்குப் போனார். தட்டினார்.

"யாராவது இருக்கீங்களா?" உள்ளேயிருந்து வயதான ஒரு பெண்குரல் கேட்டது.

நான் வந்துட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். எத்தனையோ அந்நியர்களிடம் யோசிக்காமல் சொன்ன சொல். கூடப் பிறந்தவன் கேட்டபோது மட்டும் அதற்கு அனுமதி தேடிக்கொண்டிருந்தார். வார்த்தை வரவில்லை, விம்மல்தான் வந்தது.

"யாருப்பா அழறது? மாட்டிக்கிட்டது நானு!"

வயரிங்காரர்தான் குரல் கொடுத்தார். மேலே மோட்டார் அறைக்குப் போய்க் கையால் சக்கரத்தைச் சுழற்றி, லிஃப்டை ஒரு மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்து, அம்மாளை வெளியே கொண்டுவந்தார்கள். மீதி வேலையைத் தானே பார்ப்பதாகச் சொல்லி அவர் உள்ளே ஏறிக் கதவை மூடிக்கொண்டார்.

பெட்டிக்குள் மங்கலான விளக்கு. தரையில் உட்கார்ந்தார். இந்த முறை எந்த வழியையும் கேட்கவில்லை. "அவனக் கூப்பிட்டீங்களா, ஆண்டவரே? வாசல்ல நிக்க விடலதானே?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. சமாதானமும் இல்லை. முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார்.

வெளியே கதவை யாரோ தட்டினார்கள். அந்த அம்மாள்தான், வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார்.

"தம்பி, என்ன கஷ்டமோ எனக்குத் தெரியல. நான் இங்கதான் நிக்கிறேன். மெதுவா வாங்க."