சுனிலுக்கு ஒரே உயிர்

படை நடத்துவது லேசான தொழில் என்று நினைப்பவர்கள், ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் பெருவிரலால் அதை நடத்திப் பார்க்க வேண்டும். யுத்தத்தின் கடைசி வருடங்களில், கொழும்பில், வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் நான் அந்தத் தொழிலைச் செய்தேன். பகலில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கந்தோரில் கிளாக்கர். போகும்போதும் வரும்போதும் சேனாதிபதி. முதலாவது வேலையில் சம்பளம் இருந்தது. இரண்டாவதில் மரியாதை இருந்தது, அதுவும் திரைக்குள்ளே மட்டும்.

உள்ளங்கை அளவு திரையில் கோட்டை கட்டியவர்கள், இறங்க வேண்டிய இடத்தைக் கடந்து தெஹிவளை வரை போய்த் திரும்பியவர்கள், பற்றரி சாகிற நேரத்தில் எதிரி வந்து நின்றதைக் கண்டவர்கள் உங்களில் இருந்தால், இந்தக் கஷ்டங்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. மற்றவர்கள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது பழகிவிட்டது.

கஷ்டமான பாடம்

அந்தக் கையடக்க வீடியோ கேமைக் கொண்டுவந்து தந்தவர் அக்காவின் கணவர், லண்டன் அத்தான். இது 'உன் முறை, என் முறை' என்று ஆறுதலாக விளையாடுகிற ரகம் அல்ல. நீங்கள் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாலும் எதிரி நடந்து வந்துகொண்டே இருப்பான். மரம் வெட்ட ஆள் அனுப்ப வேண்டும், தானியம் சேர்க்க வேண்டும், முகாம் கட்ட வேண்டும். இதற்கிடையில் ஒரு வீரனைச் சண்டைக்குச் சண்டை பழக்கி, வாளும் கவசமும் கொடுத்து, பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தெடுக்க வேண்டும். ஒரு கட்டம் முடிந்தால்தான் அதுவரை செய்தது நிலைக்கும்.

தொடக்கத்திலேயே அது ஒரு கேள்வி கேட்டது: உன் வீரனுக்குப் பல உயிரா, ஒரே உயிரா? ஒரே உயிர் என்றால், அவன் செத்த அன்று மாதக்கணக்கில் வளர்த்ததெல்லாம் துடைத்தெடுத்த மாதிரிப் போய்விடும்; மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பம். கஷ்டமான பாடத்தை எடுத்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள் என்று வளர்க்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளை நான். யோசிக்காமல் 'ஒரே உயிர்' பொத்தானை அமத்தினேன். பக்கத்தில் இருந்து பார்த்த அத்தான் சொன்னார்: "பல உயிரைச் சும்மா தரேக்க, வேண்டாம் எண்டு சொன்ன முதல் ஆள் நீதானடா."

பஸ்ஸுக்கு ஏற்ற பெயர்

அடுத்தது வீரனுக்குப் பெயர் வைக்க வேண்டும். நான் மயூரன் என்று வைத்தேன். ஒரு நாள் கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசை பரீத் நானா அதைக் கண்டார். மருதானையில் பிறந்து வளர்ந்தவர். இந்த ஊரின் நாடித்துடிப்பு அவருக்கு அத்துப்படி. பஸ்ஸில் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற ஆள், ஒரு தமிழ்ப்பெயர் வாளோடு முகாமை நோக்கிப் போவதைக் கண்டால் என்ன நினைப்பான் என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். தமிழில் கதைத்தால் முன் சீற்றில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார் என்று தொண்டையைச் செருமுவதற்கே நாங்கள் யோசித்த காலம் அது. என் சிநேகிதன் சிவகுமாரன் பஸ் ஏறினால் 'குமார' ஆகிவிடுவான். இறங்கிய பிறகுதான் சிவனும் மெய்யெழுத்தும் திரும்பி வரும். மனிதருக்கே இந்த ஏற்பாடு என்றால் திரைக்குள் இருப்பவனுக்கு என்ன வந்தது? எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து தொடங்கி, சுனில் என்று ஒரு சிங்களப் பெயரை வைத்தேன். பரீத் நானா திருப்தியாகச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தார்: "இப்ப சரி தம்பி. இனி எந்த பஸ்ல வெச்சும் அடிக்கலாம்."

எதிரி காத்திருக்கமாட்டான்

கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகிற காலி வீதியில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. அதில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, வரிசையாக நடக்கவிட்டு, அப்பால் கொண்டுபோய் ஏற்றுவார்கள். வயதானவர்கள் மட்டும் உள்ளேயே இருக்கலாம். யாழ்ப்பாணத்து விலாசம் உள்ளவரின் அட்டையை முன்னும் பின்னும் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு மறுபடி அட்டையை. அந்த நேரமெல்லாம் சுனிலின் மதிலை எதிரி இடித்துக்கொண்டிருப்பான். இரண்டு இராணுவங்களுக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை எனக்கு.

ஒரு நாள் வேறு வழியில்லாமல், பக்கத்து சீற்றில் இருந்த ஒரு சிங்கள அம்மாவிடம் கேமைக் கொடுத்து, சிவப்புக் கொடி வந்தால் இந்தப் பொத்தானை அமத்துங்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சிவிட்டு இறங்கினேன். திரும்பி ஏறும்போது அவர் மடியில் மரக்கறிப் பையை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மும்முரமாக இருந்தார். மதில் போய்விட்டது. ஆனால் சுனில் உயிரோடு நின்றான். அவர் கேமைத் திருப்பித் தந்தபடி சிங்களத்தில் கண்டித்தார்: "மகனே, உன்ர ஆக்கள் எல்லாரும் பட்டினி. முதல்ல சாப்பாட்டைக் குடு, பிறகு சண்டை பிடி."

சத்தம்

நான் வாடகைக்கு இருந்த அறை யோகம் அன்ரியின் வீட்டில், கடற்கரைக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில். அன்ரி ஊரில் இரண்டு தரம் வீடு இழந்து வந்தவ. யார் வந்து கதவைத் தட்டினாலும் முதலில், வீட்டில் இருக்கும் தமிழரைப் பதிந்து பொலிஸ் கொடுத்த பதிவுத் துண்டை எடுத்துக்கொண்டுதான் திறப்பா. ஒரு ஞாயிறு மத்தியானம் பீரங்கிப் படையோடு சுனில் ஒரு கோட்டையைத் தாக்கிக்கொண்டிருந்தபோது, சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். கதவைத் திறந்து வந்த அன்ரியின் முகத்தில் நிறமே இல்லை. கையில் பதிவுத் துண்டு.

சத்தம் எங்கேயிருந்து வந்தது என்று காட்டினேன். திரையில் குட்டி மனிதர்கள் விழுந்து விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அன்ரி கட்டில் விளிம்பில் இருந்து கொஞ்ச நேரம் பார்த்தா. எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. பிறகு எழும்பிப் போகும்போது சொன்னா: "சண்டையை ஊரில விட்டிட்டு வந்திட்டம் எண்டு நினைச்சன். நீர் அதைப் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு வந்திருக்கிறீர்."

பாலமா, ஆறா

பிறகு ஒரு காலை பொலிஸார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். யாழ்ப்பாண அட்டைக்காரர் எல்லாரையும் விசாரணைக்கென்று பஸ்ஸில் ஏற்றினார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வாய் கொப்பளிக்கத் தாராளமாக நேரம் கொடுத்தார்கள், குறை சொல்லக் கூடாது. கேம் என் களிசான் பொக்கற்றுக்குள் இருந்தது. அப்படிக் கூட்டிப் போனவர்களில் சிலர் மத்தியானமே திரும்பி வருவார்கள். சிலர் வரக் கிழமைக்கணக்காகும். சிலரைப் பற்றி ஒழுங்கையில் பிறகு ஒருவரும் கதைப்பதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தும் பயப்படவில்லை என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார்.

என் முறை வந்தது. பொக்கற்றில் உள்ளதையெல்லாம் கொட்டச் சொன்னார்கள். பொறுப்பதிகாரி கேமை எடுத்துத் திறந்தார். திரையில் ஒரு வரைபடம், அதில் முகாம்கள், முகாம்களை நோக்கி அம்புக்குறிகள். அவர் என் விலாசத்தைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். இது விளையாட்டு, சேர் என்றேன். அப்படியென்றால் விளையாடிக் காட்டு என்றார். கடைசிக்கு முந்திய கட்டம் அது. பெருவிரல்களுக்குப் பழக்கம் இருந்தது. சுனிலை முன்வாசலில் நிறுத்தி எதிரிக்கு வேடிக்கை காட்டிவிட்டு, குதிரைகளைப் பின்பக்கத்தால் அனுப்பி, அதிகாரியின் தேத்தண்ணி ஆறுவதற்குள் கோட்டையைப் பிடித்துவிட்டேன். சுற்றி நின்ற கொன்ஸ்டபிள்கள் சப்புக் கொட்டி ரசித்தார்கள். நான் முட்டாள்தனமாகச் சிரித்தேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. எங்கே பயிற்சி எடுத்தாய் என்று கேட்டார். கொட்டாஞ்சேனையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்றேன். உண்மை அதுதான், ஆனால் அந்த அறையில் அது பொய்யைவிட மோசமாகக் கேட்டது. பின்பக்கத்தால் அடிக்க யார் சொல்லித் தந்தது என்றார். ஒருவருமில்லை, ஏதோ அதிர்ஷ்டம் என்றேன். சரி, அதிர்ஷ்டமா இல்லையா என்று பார்ப்போம் என்று கேமைத் தன் கைக்கு எடுத்துக் கடைசிக் கட்டத்தைத் திறந்தார். வீரனின் பெயரை வாசித்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, ஏன் சுனில் என்று கேட்டார். நல்ல பெயர் சேர் என்றேன். அவருக்கும் அது பிடித்தது. எனக்குத்தான் புதுக் கவலை: இந்தச் சுனில் இப்போது செத்தால் அதற்கும் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

அதிகாரி படையை நடத்திக்கொண்டு ஒரு ஆற்றங்கரைக்கு வந்தார். ஆற்றுக்கு மேலே ஒரு பாலம். கொஞ்சம் தள்ளி முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிற இடம். பாலத்துக்கு அப்பால் மரங்களுக்குள் மெல்லிய புகை. அந்தப் புகையின் அர்த்தம் எனக்குத் தெரியும். இத்தனை கட்டங்களில் எத்தனையோ தரம் அதில் மாட்டித் தப்பியவன். எதிரிகள் மறைந்திருக்கிறார்கள். தண்ணீரால் போனால் சுனில் வெல்வான், கேம் முடியும், மாதக்கணக்கான உழைப்பு கரைசேரும். அதிகாரி நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துக் கேட்டார், பாலமா, ஆறா?

கொன்ஸ்டபிள்கள் என்னைப் பார்த்தார்கள். சரியான பதில் நுனி நாக்கில் நின்றது. சொன்னால் தெரிந்தவன் ஆகிவிடுவேன். தெரிந்தவனுக்கு அந்தக் கட்டடத்தில் பின்னால் வேறு அறைகள் இருந்தன. எனக்குத் தெரியாது சேர் என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுனிலைப் பாலத்தில் ஏற்றினார். நடுப்பாலத்துக்கு வரும்போது மரங்களுக்குள்ளிருந்து அம்பு மழை. அப்போதுகூட ஒரு பொத்தானை அமத்தினால் பின்வாங்கலாம். என் பெருவிரல் தானாக அசைந்தது. அதை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டேன். சுனில் முழங்காலில் விழுந்தான். ஒரு சோகப் பாட்டு அடித்தது. பிறகு வெள்ளைத் திரையில் அந்தப் பழைய கேள்வி வந்து நின்றது: பல உயிரா, ஒரே உயிரா?

ஒரு கொன்ஸ்டபிள் காற்றாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கேமை மேசையில் வைத்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "முந்தி வென்றது அதிர்ஷ்டம்தான். பாலத்துக்கும் ஆத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன். இவனுக்குச் சண்டையைப் பற்றி ஒண்டும் தெரியாது, வீட்டுக்கு அனுப்பு."

காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது சுனிலை நினைத்து அழுதேன். பக்கத்தில் நின்றவர் செத்த வீடா என்று சிங்களத்தில் கேட்டதற்கு ஆமென்று தலையாட்டினேன். எத்தனையோ கோட்டைகளைப் பிடித்த என் சேனாதிபதி வாழ்க்கையில், சொந்த உயிரைக் காப்பாற்றிய ஒரே யுத்த தந்திரம் 'எனக்குத் தெரியாது சேர்' என்பதுதான்.