குங்குமம் வைத்த உயில்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அப்பாவின் ஸ்பேனர், ஸ்கூட்டர், அண்ணனின் சைக்கிள் இவற்றோடு ஓர் உயிலுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அதற்குக் காரணம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன் அப்பாவுக்குப் பெங்களூரில் இதய ஆபரேஷன். மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் இருந்த வீடும், கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளும் அண்ணனுக்கே என்று எழுதிப் பதிந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்தும் வந்தார். காப்பாற்றியது டாக்டர் பாதி, உயில் பாதி என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது சாமி படத்துக்குப் பின்னால் குடியிருந்தது. அதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அப்பாவின் உயிருக்கு ஆபத்து என்று நானும் நம்பினேன்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, பூஜையன்று அம்மா குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுக்கு இனிமே நான் பொட்டு வெக்க மாட்டேன். இவ பொறக்கறதுக்கு முன்னாடி எழுதுனது. மாத்தி எழுதணும்."

அப்பாவின் அக்காவான அத்தை பதறிப்போனார். "ஒருவாட்டி எழுதி எமனத் திருப்பி அனுப்பியாச்சு. மறுக்கா எழுதி அவனக் கூப்புடறியா? பொட்டப் புள்ளைக்கு நகை போட்டு அனுப்புனா ஆவாதா?"

"நகைய போடுங்க, வேணாங்கல. வூட்டுலயும் அவ பேரு இருக்கணும் அண்ணி."

அப்பா துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார். அவருக்கும் உள்ளூர பயம்தான். நான்தான் வாயைத் திறந்தேன். உயிலை எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு, "எனக்கு வீடு வேணாம், அப்பாதான் வேணும்" என்று அழுதேன். புது கவுனெல்லாம் சந்தனமும் குங்குமமும் ஆனது. அத்தை என்னை அணைத்துக்கொண்டு அம்மாவிடம், "கொழந்தைக்கு இருக்கற பாசங்கூட கட்டுனவளுக்கு இல்ல" என்றார்.

அம்மாவின் கண் கலங்கியது. ஆனால் அவள் அசையவில்லை. விளக்கேற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொரியும் சுண்டலும் ஆறிக்கொண்டிருந்தன. கடைசியில் அப்பா, "சரி, லீவு முடிஞ்சதும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போலாம்" என்று சொன்ன பிறகுதான் தீக்குச்சியைக் கையில் எடுத்தாள்.

போனோம். சாட்சிக்கு லைன் வீட்டிலிருந்து இரண்டு பேர், நைட் ஷிஃப்ட் முடித்த தூக்கக் கண்ணோடு வந்தார்கள். நானும் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். அப்பா கையெழுத்துப் போட்டபோது அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு ஏறி இறங்கியது. முடித்ததும் எல்லோரையும் டீ குடிக்கக் கூப்பிட்டார்.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக அம்மாவை விட்டுவிட முடியுமா? திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவள் பக்கத்தில் எனக்கு இடம் வைத்திருந்தாள். நான் அப்பாவின் மடியில் போய் உட்கார்ந்தேன். என் பேரைச் சேர்க்கத் தயங்கியவரை இறுகக் கட்டிக்கொண்டு, எனக்காக எல்லோரையும் பகைத்துக்கொண்டவளை வழியெல்லாம் முறைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.