மோக்காலு மிட்டாவில் என் மகனின் முழங்கால்

இந்த நாட்டில் கோல் போடாதவனுக்கும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். முப்பத்தாறு வருடமாக இங்கே இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது, ரொட்டி பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றைச் செய்தால்தான் செய்ததாகக் கணக்கு என்று வளர்ந்தவன் நான். நகரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆறாவதோடு பள்ளியை விட்டேன். தறிக்கொட்டகையில் நூல் சுற்றினேன். புதுச்சேரிக்காரர் ஒருவருடைய ஹோட்டலில் பாத்திரம் தேய்க்க பாரிசுக்கு வடக்கே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டே வார்த்தை, 'உய்', 'மெர்சி'. ஆமாம், நன்றி. அதை வைத்தே பிழைத்தேன். இந்த ஊரின் முதல் இந்திய மளிகைக் கடை நான் வைத்தது. இரண்டாவதும் நான் வைத்ததுதான். கறிவேப்பிலையை இந்த ஊருக்குக் காட்டியவன் நான். இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்தேன். கிராமத்தில் மூன்று மாடி வீடு, பிள்ளையார் கோயிலுக்குச் சுற்றுச்சுவர், பள்ளிக்கூடத்துக்கு போர் போட்டுத் தண்ணீர், எல்லாம் இந்தச் செங்கல்ராயன் செய்தது. இந்தப் பட்டியலின் கடைசியில் என் மகனையும் சேர்த்துத்தான் இத்தனை வருடம் சொல்லிவந்தேன். ஃபுட்பால் ஆட்டக்காரன் தாமோதரனை உருவாக்கியவனும் நானே என்று.

போன மாதம் தாமு ஆட்டத்தை விட்டான். முப்பத்து நான்கு வயது, பதினாறு வருட ஆட்டம். இங்கே அவனுக்கு 'தாமோ' என்று பெயர். அவன் ஆடிய இடத்துக்கு 'மிலியூ' என்பார்கள், நடுக்களம். எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்க வேண்டும், நல்ல இடத்தில் நிற்கிற நம் ஆளுக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்த கையோடு மறுபடி ஓட வேண்டும். கோல் போடுகிறவன் வேறு ஒருவன். பதினாறு வருடத்தில் என் மகன் போட்ட கோலை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம்.

இது எனக்கு ஆரம்பத்திலிருந்தே அவமானமாக இருந்தது, மறைப்பானேன். ஸ்டேடியத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற கிழவர். ஒருநாள் அவர் என் தோளைத் தட்டி, உங்கள் மகன் எங்களுக்குத் தண்ணீர் சுமக்கிறவன் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் வீட்டுக்கே தண்ணீர் தூக்க ஆள் உண்டு என்று தெரிந்த பிரெஞ்சில் கத்தினேன். அதுவும் பொய். என் அம்மா தூக்கினாள், நான் தூக்கினேன். கிழவர் ஒன்றும் புரியாமல் எனக்கு ஒரு காப்பி வாங்கி வந்தார். அடுத்தவனுக்காக ஓடி உழைக்கிற ஆட்டக்காரனை இங்கே அப்படித்தான் மெச்சுவார்கள் என்று தாமு பிறகு சொன்னான். காப்பியைக் குடித்தேன், மெச்சியதை ஏற்றுக்கொள்ளவில்லை. நகரிக்குப் போன் போட்டால் எத்தனை கோல் என்றுதானே கேட்கிறார்கள். நானும் ஒன்றிரண்டைச் சேர்த்துச் சொல்லிவந்தேன்.

தாமுவுக்கு இருபத்தைந்து வயதில் முதல் டிவிஷனிலிருந்து ஒரு கிளப் அழைத்தது. டெலிவிஷனில் தேசமே பார்க்கிற ஆட்டம். அதற்கு இரண்டு வருடம் முன்பு வலது முழங்காலுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்து தைத்திருந்தார்கள். அதனால் டாக்டர்கள் ஒருமுறை முழுதாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று கிளப்காரர்கள் சொன்னார்கள். இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில்தான் நான் ஊருக்குக் கிளம்பினேன், அவனையும் இழுத்துக்கொண்டு.

எனக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து போனவர்களுக்குத் தெரியும், பாதையின் கடைசிப் பக்கம் மோக்காலு மிட்டா, அதாவது முழங்கால் மேடு, என்று ஒரு செங்குத்தான ஏற்றம் வரும். அந்தப் படிகளைச் சிலர் முழங்காலாலேயே ஏறுவார்கள். மகன் பெரிய டிவிஷனுக்குப் போனால் நானும் அப்படி ஏறுகிறேன் என்று பெருமாளிடம் சொல்லியிருந்தேன். கையெழுத்து ஆகட்டும், அப்புறம் போகலாம் என்று என் மனைவி ராணி சொன்னாள். சாமி காத்திருக்கும்தான். ஆனால் அந்த வாரம் ராணியின் தம்பி தேசப்பனுடைய மகளுக்குக் கல்யாணம், சித்தூர் ஜில்லாவில் இருக்கிற உறவு அத்தனையும் நகரியில் கூடியிருந்தது. கல்யாணம் முடிந்தால் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். பிறகு நான் ஏறுவதை யார் பார்ப்பது?

இருபது பேரோடு விடியற்காலையில் அலிபிரியில் ஏற ஆரம்பித்தோம். மிட்டா வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டேன். மஞ்சளும் குங்குமமும் அப்பிய படிகள். பன்னிரண்டு படி ஏறினேன். பதின்மூன்றாவதில் மூச்சு வாங்கியது, கால் மரத்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தேசப்பன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா மாமா, பிரான்ஸ் பெட்ரோலு அவ்ளோதானா?” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. உறவுக்காரர்கள் சிரிக்கிற சிரிப்புதான். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. தாமுவைக் கூப்பிட்டு, மீதியை நீ ஏறு என்றேன்.

அவன் குனிந்து, யார் காதிலும் விழாதபடி சொன்னான். “நைனா, முட்டிதான் என் வேல. தெச்ச முட்டி நைனா.”

“நான் குடுத்த முட்டிடா அது. பெத்தவன் வேண்டிக்கினத முடிக்காதவன் இன்னாடா புள்ள?”

“அவன் வேணாம், நான் ஏறுறேன்,” என்று ராணி முன்னால் வந்தாள். நீ ஏறினால் என் பேர் என்ன ஆவது என்று அவளை அதட்டினேன். சாமிக்கும் எனக்கும் நடுவில் இருந்த பேச்சு அங்கே எப்போதோ முடிந்துவிட்டது. எனக்கும் அந்த செல்போனுக்கும் நடுவில்தான் மீதி நடந்தது.

தாமு மண்டியிட்டான். ஸ்டேடியத்தில் அவன் ஓடும்போது எதை எங்கே வைக்கிறான் என்று எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. அன்றைக்குப் புரிந்தது. ஒவ்வொரு படியிலும் முதலில் இடது முழங்காலை வைத்து, பாரத்தை அதன் மேல் போட்டு, பிறகு வலதைத் தூக்கி வைத்தான். பாதிக்கு மேல் வலதைத் தூக்க முடியாமல் பக்கவாட்டில் இழுத்தான். கோவிந்தா கோவிந்தா என்று எல்லாரையும்விட நான்தான் சத்தமாகக் கத்தினேன். உச்சியில் அவன் எழுந்து நின்று செல்போனைப் பார்த்துச் சிரித்தான். தரிசனம் முடிந்து கீழே இறங்கும் பஸ்ஸில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை முழங்கால் மேல் அழுத்திக்கொண்டே வந்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, மத்தியானம் எங்கே துன்னலாம் என்று தேசப்பனிடம் பேச ஆரம்பித்தேன்.

சோதனை நாளில் நானும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போயிருந்தேன், கையெழுத்துப் போட்டோவில் நிற்பதற்காக. டாக்டர் ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தார். தையல் விட்டிருக்கிறது, காயம் புதிது, எங்கேயாவது விழுந்தீர்களா என்று கேட்டார். பிரெஞ்சு அப்போது எனக்கு நன்றாகவே புரியும். தனியாகப் பயிற்சி செய்தபோது முறுக்கிக்கொண்டது என்று தாமு சொன்னான். என் பக்கம் திரும்பவே இல்லை. கிளப்காரர்கள் மரியாதையாகக் கை கொடுத்து அனுப்பினார்கள். வெளியே நடையில் வைத்து அவன் ஒன்றே ஒன்று சொன்னான்.

“ஊர்ல யாருக்கும் சொல்லாத நைனா. உன்ன ஏசுவாங்க.”

அவனுக்கு ஆபரேஷன். அந்த வருடம் அவன் ஆடவே இல்லை. பிறகு இரண்டாம் டிவிஷன், கடைசியில் மூன்றாம் டிவிஷன், சின்ன ஊர்கள், மழையில் பஸ் பயணம். முதல் டிவிஷன் மறுபடி அழைக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிரணிக்காரன் ஒருவன் வேண்டுமென்றே உதைத்து என் மகன் முழங்காலைப் போக்கிவிட்டான், நம் நிறத்துக்காரன் மேலே வருவது இவர்களுக்குப் பொறுக்கவில்லை என்று நகரி முழுக்கச் சொன்னேன். இல்லாத ஒருவன் மேல் ஒன்பது வருடம் பழி போட்டேன். ராணி மட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் திருப்பதியில் ஒரு மண்டபத்தில் தாமுவுக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள். பாராட்டுப் பத்திரத்தை தேசப்பன் வாட்சாப்பில் அனுப்பினான். எதிரணியின் முரட்டுத் தாக்குதலால் முழங்காலில் அடிபட்டும், தந்தை திரு. செங்கல்ராயன் அவர்கள் ஊட்டிய தைரியத்தால் துவளாமல் ஆடினார் என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது. அதே வாரம் தாமுவின் கிளப் வெளியிடும் சிறு புத்தகத்துக்காக ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். முழங்காலைப் பற்றிக் கேட்டாள். பயிற்சியில் பட்டது என்று தாமு பழைய பதிலையே சொன்னான். அந்தச் சமயத்தில் நீங்கள்தானே அவருக்குத் துணை என்று என்னைக் கேட்டாள். நான் 'உய்' என்றேன். தாமு எழுந்து என் கோப்பையில் காப்பி ஊற்றினான்.

அவள் போனதும் தேசப்பனுக்குப் போன் போட்டு, அந்த வரியை எடு என்றேன்.

“எந்த வரி மாமா? பிரிண்டுக்குப் பூட்ச்சே.”

“யாரும் உதைக்கல தேசப்பா. நான்தான் ஏற வச்சேன். அதுலதான் முட்டி பூட்ச்சி.”

தேசப்பன் சொன்னான். “தெரியும் மாமா. மறுநாளே வீங்கிக் கெடந்துதே, நாங்க எல்லாருந்தான பாத்துக்கினு இருந்தோம். நீங்க பெரிய மனுசன். உங்க மூஞ்சிக்கு நேரா எப்டி சொல்றது?”

ஆக, ஊரில் இருபது பேர் ஒன்பது வருடமாக என் பொய்யைத் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள். பெரிய மனிதன் என்று பேர் வாங்கியதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது.

வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களே, ஊரில் இருக்கும் என் ஜனங்களே, என் மகனுடைய முழங்கால் இங்கே பிரெஞ்சில் ஒருவிதமாகவும் அங்கே தமிழில் வேறுவிதமாகவும் கெட்டிருக்கிறது. இங்கே உள்ள பொய்யை அவன் எனக்காகச் சொன்னான். அங்கே உள்ள பொய்யை நானே எனக்காகச் சொன்னேன். இரண்டு நாட்டிலும் எனக்கு வீடு இருக்கிறது, இரண்டிலும் நல்ல பேர் இருக்கிறது, ஒன்றிலும் உண்மையான சங்கதி இல்லை. நான் செய்த எதிலும் என் பங்கை ஒருவன் குறைத்துப் பேச விட்டவன் அல்ல நான். இதிலும் விடமாட்டேன். அவன் ஓடியது அவன் உழைப்பு, அதில் என் பேரை எடுத்துவிடுங்கள். முழங்காலைப் பற்றிய வரியில் போடுங்கள். கிளப் புத்தகத்தில் பிரெஞ்சில் போடுங்கள், பாராட்டுப் பத்திரத்தைத் திரும்ப அச்சடித்துத் தமிழில் போடுங்கள். மு. செங்கல்ராயன். இனிஷியலை விட்டுவிடாதீர்கள். நகரியில் இன்னும் நான்கைந்து செங்கல்ராயன் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் இதைச் செய்யவில்லை.