முகட்டு ஓட்டையை அடைத்த தகரம்

எங்கள் கோழிக்கூட்டின் மேல் ஒரு தகரத் துண்டு கிடக்கிறது. மூலைக்கு ஒன்றாக நான்கு ஆணித் துளைகள். ஒரு பக்கம் வளைந்திருக்கும். வளைத்தது நான்தான், வெறுங்கையால். வலது பெருவிரலில் அதன் வடு இன்னும் இருக்கிறது.

களுவாஞ்சிக்குடிப் பக்கம், வாவிக்கரையோரம் இந்த வீட்டை என் மனைவிக்குச் சீதனமாகக் கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் அங்கே போய்ச் சேருவான். நானும் அப்படி வரவிருந்தவன். கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, முகட்டுச் சுவரில் காற்றுக்கு விட்ட ஓட்டையில் இரண்டு ஆந்தைகள் குடியேறியது என் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "ஆந்த கத்துற வீட்டுக்கா என்ட புள்ளய அனுப்புற? போய் அடைச்சிற்று வா மனே" என்றார். ஏணியும் தகரமும் கொண்டுபோய் அடைத்தேன். உள்ளே ஒன்று இருந்ததை நான் பார்க்கவில்லை.

வெளிச்சம் மங்கும் மைமல் நேரம் மற்றது வந்தது. ஆண். வாயில் ஒரு வயல் எலி. தகரத்தில் நகம் சறுக்கி விழப்போய், பறந்து, திரும்ப வந்தது. உள்ளே பெண் சீறிச் சீறிக் கேட்டது. எலியை அது தின்னவுமில்லை, கீழே போடவுமில்லை. எனக்குப் பேசியிருந்தவள் வேலியடியில் நின்றாள். அன்றுதான் முதன்முதலாக என்னோடு நேரே பேசினாள்.

"எத்தின நாளாப் பாக்கிறன் தெரியுமா? எலி கொண்டு வந்து வாயில குடுத்தாத்தான் அவள் கிட்ட விடுவாள். சும்மா வந்தா முதுகக் காட்டிற்று நிப்பாள். முட்டை இட்டா அவள் எழும்ப மாட்டாள், அவன்தான் சாப்பாடு. அவனும் பொண்டாட்டி வீட்டுக்கு வாறவன். நீங்களும் அப்படித்தானே? உங்களுக்கு ஆரும் இப்படி அடைச்சா?"

ஏறி, தகரத்தைக் கையாலேயே இழுத்துப் பிடுங்கினேன். பெருவிரல் கிழிந்து சுவரில் இரத்தம் வழிந்தது. இறங்கியதும் சொன்னாள்: "இனி வரக்குள்ள வெறுங்கையோட வராதங்க."

அடுத்த நாள் ஒரு கொடுவா மீனோடு போனேன். அவள் முதுகைக் காட்டவில்லை. அம்மா மட்டும் தாலி கட்டும்போதும் முகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருபத்தெட்டு வருஷம் இருந்தோம். ஆந்தைகள் மாறியிருக்கும். ஓட்டை மாறவில்லை. போன மாரியில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆந்தை கூப்பிட்டது என்றது ஊர். இருபத்தெட்டு வருஷமாகக் கத்தியதே, அவ்வளவு காலமும் சாவுக்குக் காது கேட்கவில்லையா? கேட்டேன்.

இப்போது வீடு மகளுக்கு. போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஓட்டையை அடைத்தால்தான் நாள் வைப்போம் என்றார் மாப்பிள்ளையின் தாய். நான் மகளைப் பார்த்தேன். வீட்டுக்காரி அவள். நான் வந்து சேர்ந்தவன்.

"அடைக்கிற எண்ணமில்ல மாமி. தேத்தண்ணி குடிச்சிற்று, மைமல் வரைக்கும் இருந்து, அவன் எலியோட வாறதப் பாத்திற்றுப் போங்க" என்றாள் மகள்.

தாய் தேநீரைத் தொடாமல் எழும்பினார். மாப்பிள்ளை மட்டும் வாசல் படலையடியில் நின்று முகட்டை ஒருமுறை பார்த்தான். பிறகு அவனும் போனான்.

இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். தகரம் கோழிக்கூட்டின் மேலேயே கிடக்கும். அதில் திரும்ப ஆணி அடிக்க இந்த வீட்டில் ஆள் இல்லை.